உச்சி வெயிலும் ஒரு துண்டுச்சீட்டும்

சமயச் சொற்பொழிவு என்றதும் காதைப் பொத்திக்கொள்ளும் கூட்டமல்ல நாம். கேட்போம், கேட்டபின் கேள்வி கேட்போம். அந்த உரிமையோடுதான் பஹாய் சமயத்தின் வரலாற்றையும் கொள்கையையும் விளக்கும் உரைப்பதிவுகளைப் பெருந்துறைப் படிப்பகத்திலே தோழர் சிலரோடு அமர்ந்து கேட்டோம். கற்றவரைப் பேசவைத்து, அப்பேச்சைப் பதிந்து, இணையத்தின் வழியே உலகுக்கெல்லாம் வழங்குகின்றனர் அச்சமயத்தார். அமெரிக்காவில் 1995-இல் தோன்றிய வில்மெட் கல்விக்கழகம் இப்பணியைச் செய்வோருள் ஒன்று. பரிகாரம் சொல்லவில்லை, பஞ்சாங்கம் புரட்டவில்லை. அதற்காகவே அரைமணி கூடுதலாகக் கேட்கலாம்!

வரலாறு நெஞ்சை உலுக்குவது. பாரசீகத்தில் 1844-இல் புதுநெறி புகன்ற பாப் என்பாரை 1850-இல் தப்ரீஸ் நகரிலே சுட்டுக் கொன்றனர். அவர்வழி வந்து பஹாய் சமயத்தை நிறுவிய பஹாவுல்லா, நாடு கடத்தப்பட்டு, 1892-இல் அக்கா நகரருகே மறைந்தார். இவர்களினும் நம்மைக் கவர்ந்தவர் தாஹிரா என்னும் கவிஞர். 1848-இல் பதஷ்த் என்னும் சிற்றூரில் ஆடவர் கூடிய அவையிலே முகத்திரையின்றி வந்து நின்றார் அந்த நங்கை. அதைக் காணப் பொறாத ஒருவர் தம் கழுத்தையே அறுத்துக்கொண்டு ஓடினார் என்று அவர்கள் வரலாறு கூறுகிறது. பெண்ணின் முகம் கண்டதற்கே இந்தப் பாடு! 1852-இல் தெஹ்ரானில் தாஹிராவைக் கொன்றனர்.

கொடுமை அத்தோடு நின்றதா? 1983 ஜூன் 18-இல் ஷிராஸ் நகரில் பஹாய் பெண்கள் பதின்மரைத் தூக்கிலிட்டது ஈரான் அரசு. அவருள் ஒருத்திக்கு வயது பதினேழு. கடவுளை மறுப்போர் நாம். ஆயினும் கடவுளின் பெயரால் கயிறு திரிப்போரின் பக்கம் ஒருநாளும் நில்லோம்.

இனி, கொள்கை. உண்மையை அவரவரே தேடுக, ஆணும் பெண்ணும் நிகர், அறிவியலோடு மோதும் சமயம் மூடநம்பிக்கை, புரோகிதர் வேண்டா என்கின்றனர். இனிக்கிறது! ஆனால் 1963-இல் அமைந்து, ஹைஃபாவில் இயங்கும் அவர்தம் தலைமை நீதிமன்றத்தில் உறுப்பினர் ஒன்பதின்மர், ஒன்பதின்மரும் ஆடவர். ஊர் அவையிலும் நாட்டு அவையிலும் பெண்டிர் அமரலாம். உச்சியில் மட்டும் அமரலாகாது. காரணம்? பஹாவுல்லாவின் மகனார் அப்துல் பஹா, அது விரைவில் உச்சி வெயில் போல் விளங்கும் என எழுதினார். அவர் மறைந்தது 1921-இல். உச்சி வெயில் இன்னதென்று அறிய விரும்புவோர் சித்திரையில் சென்னிமலைச் சாலையிலே நடந்து பார்க்கட்டும். நூறாண்டாகியும் அந்த விளக்கத்துக்கு மட்டும் இன்னும் பொழுது விடியவில்லை!

நாம் கேட்ட உரைகளில் இந்தக் கேள்வி எழவே இல்லை. எழுந்தாலும் யாரிடம் கேட்பது? மேடையென்றால் துண்டுச்சீட்டு அனுப்பலாம். பேச்சாளர் விழிப்பதையாவது காணலாம். பதிவான குரல் பேசும், நிற்கும், மறுபடி பேசும்; மறுமொழி கூறாது. உண்மையைத் தேடு என்னும் உரையே தேட இடங்கொடாமல் தாலாட்டாகிவிடுகிறது.

இதனைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து அமர்ந்தோம். அடுத்து, 1973 டிசம்பர் 19-இல் சென்னைத் தியாகராயநகரில் பெரியார் ஆற்றிய இறுதிப் பேரூரையின் பதிவை ஒலிக்கவிட்டோம். நோயின் வலியால் அவர் முனகும் ஒலியும் அதில் உண்டு. எல்லோரும் கண்கலங்கினோம். எவரும் ஒரு சொல் கேட்கவில்லை! தாம் சொல்வதையும் ஆராய்ந்தே கொள்ளச் சொன்ன ஈரோட்டுக் கிழவரின் குரலை, பூசைமணி கேட்பவர் போலக் கேட்டு, கைப்பேசியில் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு எழுந்தோம்.

அப்போது பின்வரிசையிலிருந்த தங்கை ஒருத்தி துண்டுச்சீட்டொன்றை நீட்டினாள்: "ஏனுங்கண்ணா, 1929-லயே செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டு தீர்மானம் போட்டாங்க. நம்ம படிப்பகக் குழுவில் அஞ்சு பேரும் ஆம்பளைங்கதானுங்களே, அது எதுக்குங்க?"

பெரியாருக்குப்பின் கழகத்தைத் தாங்கியவர் மணியம்மையார் என்று விடையிறுக்க வாயெடுத்தோம். அவள் கேட்டது கழகத்தையல்ல, படிப்பகத்தை. சீட்டு நம் சட்டைப்பையில் இருக்கிறது. குழு வரும் ஞாயிறு கூடுகிறது.