முகத்தை யார் பார்ப்பது?

எங்க சென்னிமலைப் பக்கம் வாக்குச்சாவடியில் பூத் ஏஜென்டுகள் பாதிப் பேரை முகத்தைப் பார்த்தே சொல்லிடுவாங்க. முகம் மூடி வரும் பெண்ணிடம் அது நடக்காது. அப்போ என்ன செய்வது?

இந்தக் கேள்வி 2006-லேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. பர்தா அணியும் பெண்களின் படத்தை வாக்காளர் பட்டியலில் போடக்கூடாது என்று மனு. பட்டியல் வேட்பாளர்கள், ஏஜென்டுகள் கைக்கெல்லாம் போகும், அவர்களில் பெரும்பாலும் ஆண்கள் என்பதுதான் மனுதாரரின் கவலை. முகம் மூடுவது இஸ்லாத்தில் கட்டாயமில்லை என்று நீதிமன்றம் மார்க்க நூல்களுக்குள் போய் ஆராய்ந்து, மனுவைத் தள்ளியது. கள்ள ஓட்டைத் தடுக்கப் படம் வேண்டும் என்ற ஒரு காரணமே போதுமே! எது மார்க்கம் என்று நீதிபதி சொல்ல வேண்டிய தேவை அங்கே இல்லை.

மேல்முறையீட்டில், 2010 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் விசாரணையின்போது சொன்னது இன்னும் மோசம். அவ்வளவு மத உணர்வு இருந்தால் ஓட்டுப் போட வராதீர்கள் என்ற தொனியில் பேசியது. கேட்டது ஓட்டிலிருந்து விலக்கு அல்லங்க. படத்தை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதிலே வரவில்லை.

பதில் சட்டத்திலேயே ஓரளவு இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 34-ஆவது விதி, பெண் வாக்காளர்களுக்கு உதவ ஒரு பெண்ணை நியமிக்கலாம் என்கிறது. அவர் ஒரு மறைப்புக்குள் முகத்தை அட்டையோடு ஒப்பிட்டால் அடையாளமும் உறுதியாகும், மறைப்பும் கெடாது. ஏஜென்டுக்குச் சந்தேகமா? 36-ஆவது விதிப்படி 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். விசாரித்து முடிவெடுப்பவர் தலைமை அலுவலர்.

2022 பிப்ரவரி 19, மேலூர் நகராட்சித் தேர்தல். ஹிஜாப் அணிந்து வந்த பெண்ணிடம் அதைக் கழற்றச் சொல்லி பாஜக ஏஜென்ட் தகராறு செய்தார். மற்ற கட்சி ஏஜென்டுகள் எதிர்த்தார்கள், போலீஸ் அவரை வெளியேற்றியது. ஹிஜாப் மூடுவது தலையை, முகத்தை அல்ல. அங்கே அடையாளம் வெறும் சாக்கு.

என் வாதத்திலும் ஒரு ஓட்டை உண்டு. 34-ஆவது விதி 'நியமிக்கலாம்' என்கிறதே தவிர, 'நியமிக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. பெண் அலுவலர் இல்லாத சாவடியில் அந்தப் பெண் என்ன செய்வாள்? முகத்தைக் காட்ட மாட்டேன் என்று அவளும் சொல்ல முடியாது. எல்லார் முன்னாலும் காட்டு என்று அரசும் சொல்லக்கூடாது. அந்த 'லாம்' 'வேண்டும்' ஆக மாறினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.