நடுவே நிறுத்தப்பட்ட பிள்ளை

ஏழு சிறு படங்களைக் கோத்த ‘ஆல் தி இன்விசிபிள் சில்ட்ரன்’ 2005ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அண்மையில் ஆர்.எஸ்.புரத்து இல்லமொன்றில் இறையியல் மாணவர் சிலருடன் அதனைக் கண்டேன்.

ஆப்பிரிக்கச் சிறுவன் துப்பாக்கி ஏந்துகிறான். அமெரிக்கச் சிறுமி பிறப்பிலேயே எச்.ஐ.வி. கிருமியைச் சுமக்கிறாள். ஒரு பிள்ளைக்காக மனம் இளகுமுன் அடுத்த பிள்ளை வந்துவிடுகிறது. செல்வச் சிறுமியையும் ஏழைச் சிறுமியையும் பொம்மை ஒன்றினால் இணைக்கும் ஜான் வூவின் கதை கண்ணீரைக் கேட்டு வாங்குகிறது. காட்யா லுண்டின் கதையோ எதையும் கேட்பதில்லை. சாவோ பாவ்லோ நகரில் பிலு, ஜுவாவோ எனும் சிறுவர் இருவர் வண்டியிழுத்து அட்டையும் தகரமும் சேர்க்கின்றனர், பேரம் பேசுகின்றனர், இடையே விளையாடவும் செய்கின்றனர். ஏழனுள் இதுவே சிறந்தது. இத்தகைய பிள்ளைகளை நம் கடைவீதிகளின் பின்புறத்தில் நாம் கண்டதில்லையா?

ஆண்டவர் சீடர் நடுவே நிறுத்தியது ஒரே பிள்ளையை (மாற்கு 9:36). சிவசங்கரியின் கதையைத் தழுவி ஜானகி விஸ்வநாதன் 2001இல் எடுத்த ‘குட்டி’யும் ஒரே பிள்ளையைத்தான் நிறுத்துகிறது. தகப்பனை இழந்த சிற்றூர்ச் சிறுமி சென்னையில் வீட்டுவேலைக்கு வருகிறாள். அங்கே போரில்லை, துப்பாக்கியில்லை. படித்தவர் வாழும் கண்ணியமான வீடு. அதனாலேயே அப்படம் ஏழு படங்களைவிட என்னை வருத்தியது. பதினான்கு வயதுக்குட்பட்டோரை இவ்வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபரில் தடைசெய்யப்பட்டது. அதற்குமுன் நான் ஜெபிக்கச் சென்ற சபையார் வீடுகள் சிலவற்றில் காப்பி கொண்டுவந்தவர்கள் அவ்வயதுச் சிறுமியரே. டம்ளரை வாங்கிக்கொண்டேன், அவர்களுள் ஒருத்தியின் பெயரையும் கேட்டேனில்லை.