மிச்சம் வைத்த 450 மீற்றர்

ஓஃப் ஸ்ரம்புக்கு வெளியே போகும் பந்தை விட்டுவிடுபவன்தான் பின்னேரம் வரை நிற்பான். வடக்கின் பெரும் போர் என்ற கிரிக்கெட் ஆட்டத்தை மைதான ஓரத்தில் நின்று பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் மலையேற்றம் என்றதும் நாங்கள் இதை மறந்துவிடுகிறோம். உச்சியில் கொடி பிடித்த படம் இருந்தால் வெற்றி, இல்லாவிட்டால் 'பாவம்'.

2016 மே மாதம் இலங்கையர் இருவர் எவரெஸ்ட் ஏறினார்கள். ஒருவர் 21ஆம் திகதி உச்சியைத் தொட்டார். நாடே கொண்டாடியது, கொண்டாடத்தான் வேண்டும். எனக்கு மற்றவர்தான் பெரிய ஆட்டக்காரர். ஏறத்தாழ 8,400 மீற்றர் வரை போய், ஒட்சிசன் போதாமல் திரும்பினார். மிச்சம் 450 மீற்றர் அளவுதான். 'கடைசியில் கோட்டைவிட்டார்' என்றார்கள். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. யோசிக்கிற புத்தியே மங்கும் இடம் அது. சிலிண்டரில் இருப்பது இறங்குவதற்கும் சேர்த்துத்தான். 1996 மே 10, 11இல் அதே மலையில் புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். பிற்பகல் 2 மணிக்குத் திரும்பும் வழக்கத்தைத் தாண்டி மேலே நின்றவர்களும் அதில் அடக்கம். எங்கள் ஆளோ இறங்கி வந்தார். 2018 மே 22இல் அதே உச்சியில் நின்றார். முதல் முறை திரும்பியிருக்காவிட்டால் இரண்டாம் இன்னிங்ஸ் ஏது?

தொண்டுக்குக் காசு சேர்த்து மலையேறும் கந்தோர்க் குழுக்கள் படிக்கவேண்டிய ஆட்டம் இது. பெயர் அச்சடித்த ரீசேட், வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய காசு, கூடவே வரும் மனேஜர் எல்லாம் சேர்ந்து 'ஏறியே தீரவேண்டும்' என்று முதுகில் ஏறிவிடும். காசு தந்தவர் தொண்டுக்குத் தந்தார். உங்கள் முழங்காலைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை.

2011இல் ஆடைத் தொழிற்றுறையில் கூட வேலை செய்த இரு நண்பர்கள் தொடங்கிய நடையைப் பாருங்கள். தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர், 27 நாள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அதில்தான் நிதி சேர்ந்தது. நாளுக்குச் சராசரி 25 கிலோமீற்றர். வீரம் காட்ட ஒரு நாள் 40 நடந்திருந்தால், மறுநாள் கொப்புளம் கணக்கைத் தீர்த்திருக்கும். நடந்ததை எல்லோரும் புகழ்ந்தார்கள். அன்றன்றைக்கு நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் குழுக்கள் ஏறும் சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். எவரெஸ்ட்டுக்கு முன்னால் சிறிசுதான். ஆனால் பழகிப்பார்க்கக் குடாநாட்டில் ஒரு குன்றுகூட இல்லை. எங்கள் பெடியள் சூரிய உதயம் பார்க்கும் அவசரத்தில் முதல் மணித்தியாலத்திலேயே காலைச் செலவழித்துவிடுவார்கள். சோதனை இறங்கும்போதுதான்: ஒவ்வொரு படியிலும் உடம்பின் பாரத்தைத் தொடைத் தசை பிடித்து நிறுத்தவேண்டும். ஏறும்போது முன்னுக்கு ஓடியவர் இறங்கும்போது யாருடைய தோளில் தொங்குகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே என் கணிப்பு. மார்கழிப் பௌர்ணமியோடு தொடங்கும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவுசெய்து, அந்த அதிகாரத்தை மனேஜரிடம் கொடுக்காத குழுதான் முழுசாக வீடு திரும்பும். அடுத்த வருடமும் காசு சேர்க்கப்போவது அதே குழு. உச்சிப் படத்துக்காகப் போகும் குழுக்கள் ஒரு பருவத்தோடு கலையும். இன்னும் பத்து வருடத்துக்குள் குடாநாட்டுப் பிள்ளை ஒன்று இமயத்தில் ஏறும். அதற்கு முன் ஒரு தடவையாவது திரும்பி வந்த பிள்ளையாகத்தான் அது இருக்கும். பந்தயம் கட்ட விரும்புகிறவர்கள் பருவம் முடியும் வைகாசிக்குப் பிறகு வாருங்கள், கணக்குப் பார்ப்போம்.