ஆசிரியர் உருவாகும் இளமை: ‘என் சரித்திரம்’ காட்டும் சான்று

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை உவமையாகக் கூறுகின்றது. மலையை உவமித்தற்கு அந்நூல் காட்டும் பொதுத்தன்மைகளுள் ஒன்று, சேய்மையில் நிற்பார்க்கும் அது தோன்றும் என்பது. திருவண்ணாமலையில் தமிழ் பயிற்றும் நமக்கு இவ்வுவமையை விளக்குதல் எளிது. சாளரத்தைத் திறந்து காட்டினாற் போதும். செங்கத்தினின்றும் போளூரினின்றும் பேருந்தேறி வரும் மாணவர், ஊரைக் காணுமுன் மலையைக் கண்டே வருகின்றனர். ஆயின், மலை எங்ஙனம் மலையாயிற்று என்பதனை அவ்வுவமை கூறாதவாறு போலவே, ஒருவன் எங்ஙனம் ஆசிரியன் ஆயினான் என்பதனையும் அந்நூல் நேரே கூறிற்றிலது. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என உவமை காட்டி ஆசிரியராகத் தகாதாரை விலக்கும் பவணந்தியார், தக்காருடைய இளமையைப் பற்றி ஒன்றும் மொழியாமை வியப்பன்று. இலக்கணம் வகுப்பார்க்கு முடிந்த பொருளே கருத்து. முளைக்கும் பொருளை அறிய விரும்புவார் வாழ்க்கை வரலாறுகளையே நாடல் வேண்டும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பது அன்று. முதுகலை வகுப்பிற் சேர வருவாரை, ‘ஆசிரியர் ஆக விரும்புவது எற்றுக்கு?’ என வினவுதல் நம் வழக்கம். பெரும்பாலார் கூறும் விடை ஒன்றே: இளமையில் தமக்குக் கற்பித்த ஒருவரைப் போல் ஆகவேண்டும் என்பது. உழவர் குடியிலிருந்தும் நெசவாளர் குடியிலிருந்தும் சவ்வாது மலைச் சிற்றூர்களிலிருந்தும் வரும் இவர்களுள் பலர், தம் இல்லத்திலிருந்து முதன்முதற் கல்லூரி புகுந்தவர். அவர்தம் விடையின் உண்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அதுவே நிறைந்த விடையாகுமா என்பது ஆராய்தற்குரியது. நல்லாசிரியரைக் கண்ட சிறுவன் தானும் ஆசிரியன் ஆவான் என்னும் கொள்கை கல்வியாளர் உரைகளிலெல்லாம் எளிதாக உலவுகின்றது. அக்கொள்கையைத் தமிழிலுள்ள தலைசிறந்த ஆசிரிய வரலாறு ஒன்றன்மேல் வைத்து உரைத்துப் பார்த்தலே ஈண்டு நம் நோக்கம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் இயற்றிய ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்து, 1942இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாது நின்றது. 1950இல் நூல் வடிவம் பெற்றது. எண்பத்தைந்தாம் அகவையை எய்திய பேராசிரியர் ஒருவர் தம் இளமையைத் திரும்பி நோக்கி எழுதியது என்பதனை நாம் மறத்தலாகாது. அத்தகைய நோக்கில், சிறுவனைக் காண்பவனும் ஆசிரியனே. கண்டவற்றுள் தன் தொழிலுக்கு இயைந்தவற்றைத் தேர்ந்தெடுப்பவனும் அவனே. ஆகவே, ‘இளமையில் இன்னது நிகழ்ந்தது, அதனால் ஆசிரியர் ஆனேன்’ என நூலாசிரியரே எங்கேனும் கூறியிருப்பின், அக்கூற்றை நாம் அளந்தே கொள்ளுதல் வேண்டும். இந்நூலின் சிறப்பு யாதெனின், தம் இளமையை அவர் அவ்வாறு ஒரு காரணத்தின்கீழ் அடக்கிக் காட்ட முயலாமையே. ஆசிரியத் தொழிலின்மீது சிறுவன் சாமிநாதனுக்கு வேட்கை இருந்ததாக அவர் வரைந்தாரல்லர். அவனுக்கு இருந்தது தமிழ் கற்கும் வேட்கை. அதனினும் குறிக்கத்தக்கது, கற்பிப்பாரைத் தேடி அலைந்த அலைச்சல்.

தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணக் கதையை இசையோடு சொல்லி, ஊரார் அளிக்கும் உதவியால் குடும்பம் நடத்தியவர். மகன் இசை வல்லனாதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனது நாட்டம் தமிழின்பாற் சென்றதைக் கண்டபின், அவனைத் தடுத்தாரல்லர். குடியையே பெயர்த்துக்கொண்டு ஆசிரியர் இருக்கும் ஊர்தோறும் சென்றார். அரியலூரில் சடகோப ஐயங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் எனத் தொடரும் அப்பெயர்களை, இலக்கிய வரலாறு எழுதுவார் ஒரு வரியிற் கடந்து, மாயூரத்துக்கு விரைவர். நாம் விரையாது நிற்றல் வேண்டும். இவர்களுள் எவரும் பெரும்புலவர் எனப் பெயர் பெற்றவர் அல்லர். ஒருவர் சில நூல்களை அறிவார். மற்றொருவர் வேறு சிலவற்றை. தமக்குத் தெரிந்ததை முழுதும் கொடுத்துவிட்டு, ‘இனி என்னிடம் இல்லை’ என்னும் எல்லை ஒவ்வொருவரிடத்தும் வந்தது. யாப்பிலக்கணம் பயிற்றிய ரெட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமையைத் தம் மாணவன் உள்ளத்தில் வேரூன்றச் செய்தவரும் ஆவர்.

சிறுவன் இவர்களிடம் கண்டது நிறைந்த ஆசிரியரை அன்று, குறைந்த ஆசிரியரை. குறை என்பது ஈண்டு இழிவுரை அன்று. தம் அறிவின் கரையைத் தாமே காட்டி, அக்கரைக்கு அப்பால் இருப்பாரைச் சுட்டும் நேர்மையே அது. கற்பித்தல் என்பது ஒருவரிடமே முடியும் பொருளன்று, கைமாறிச் செல்லும் பொருள் என்பதனை அவன் பத்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையே, விதியாகக் கேளாமல், வழிநடையாகவே அறிந்தான். சிறந்த ஆசிரியர் ஒருவரே அவனுக்கு உத்தமதானபுரத்தில் வாய்த்திருப்பாராயின், அவரைப் போற்றும் மாணவன் ஒருவன் தோன்றியிருப்பான். ஏடு தேடி ஊர்தோறும் நடந்த பதிப்பாசிரியரும், வகுப்புக்கு வகுப்பு தம்மைப் புதுக்கிக்கொண்ட கல்லூரி ஆசிரியரும் தோன்றியிருப்பரோ என்பது ஐயமே. வறட்சி கண்ட நிலத்தான் நீரின் அருமை அறிவான் அன்றோ?

1871இல் மாயூரம் சென்று பிள்ளையவர்களை அடுத்தபொழுது சாமிநாதனுக்கு வயது பதினேழு. பயில வருவோர் பலர் சின்னாளிற் பிரிந்து போதலைக் கண்டு நொந்திருந்த அப்பெரும்புலவர், புதியவனை ஏற்கத் தயங்கியதை நூல் மறையாது கூறுகின்றது. ஆசிரியர் மாணவனைத் தேர்வதற்குமுன், மாணவன் தன் உறுதியைக் காட்டவேண்டியிருந்தது. அதற்குரிய உறுதியை அவன் முன்னரே பெற்று வந்தான்; நான்கு ஊர்களிற் பெற்றது அது.

இனி, நன்னூலுக்கே மீள்வோம். ஆசிரியன் உருவாகும் வழியை அந்நூல் நேரே கூறவில்லை என்றோம். குறிப்பாற் கூறிய இடம் ஒன்று உண்டு. பாடங்கேட்டல் பற்றிய பகுதியில், ஆசான் சொல்வதை நன்கு கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே என்றும், உடன்பயில்வாரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு என்றும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் வருவது எஞ்சிய அரைப்பங்கு என்றும் அது பகுத்துக் காட்டுகின்றது. இப்பகுப்பை நாம் மாணவர்க்கு ஊக்கவுரையாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். அதன் உட்பொருள் பெரிது. கற்பித்தல் என்பது கற்றல் முடிந்தபின் மேற்கொள்ளும் தொழிலன்று, கற்றலின் பாதி. கற்பிக்காதவன் கல்வி நிரம்பாதவன் என்பதே பவணந்தியார் கணக்கு. அவ்வாறாயின், கல்வியில் வேட்கையுடைய சிறுவன் ஒருவன் ஆசிரியனாதற்கு வேறு தூண்டுதல் வேண்டா. தன் வேட்கையின் வழியே நடந்தால் அவ்விடத்தை எய்துவான்.

சாமிநாதையர் வாழ்க்கை இக்கணக்கை மெய்ப்பிக்கின்றது. 1876இல் பிள்ளையவர்கள் மறைந்தபின், திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே இருத்தினார். அங்கே தேசிகரிடம் பாடங்கேட்டலும், இளையோர்க்குப் பாடஞ்சொல்லுதலும் ஒருங்கே நிகழ்ந்தன. எந்நாளில் மாணவர் ஆசிரியர் ஆயினார் எனக் கோடு கிழித்துக் காட்ட இயலாது. 1880இல் தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவிக்கு அவரை முன்னிறுத்தியபொழுது, புதிதாக எதுவும் தொடங்கிற்றிலது. முன்னரே நடந்துகொண்டிருந்தது ஊதியம் பெற்றது, அவ்வளவே.

இவ்விடத்தில் சிறு செய்தி ஒன்று நம் கருத்தைக் கவர்கின்றது. பிள்ளையவர்களுக்கு இசைப்பயிற்சியில் விருப்பம் இன்மையால், மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் தொடங்கிய இசைப்பாடத்தைச் சாமிநாதையர் கைவிட்டார். தந்தையார் தந்த செல்வம் அத்துடன் போயிற்று என்றே படிப்பார் எண்ணுவர். கல்லூரியிலோ, ஆங்கிலத்தையே மதித்த மாணாக்கர்முன் செய்யுட்களை இசையோடு சொல்லியே அவர் வகுப்பைத் தம்வயப்படுத்தினார். ஆசான் விலக்கியதும், தந்தை வலியுறுத்தியதும், சிறுவன் பாதியில் விட்டதுமாகிய ஒன்று, ஆசிரியர்க்குக் கருவியாக மீண்டும் வந்தது. இளமை அனுபவம் எவ்வழியில் ஆசிரியனை ஆக்கும் என முன்னரே வரையறுப்பார் இதனை எங்கே அடக்குவர்?

அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. கல்லூரி ஆசிரியராகிச் சில திங்களே ஆன ஒருவர், தாம் கற்ற நூற்பட்டியலைக் கூற, அது போதாதென்று உணர்த்தப்பெற்றுச் சீவக சிந்தாமணியின்முன் மீண்டும் தொடக்க மாணவராய் நின்றார். அந்நூலின் சமயக் கருத்துகளைத் தெளிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். (நம் மாவட்டத்து வந்தவாசி, ஆரணிப் பகுதிகளிலும் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர்; அவர்தம் இல்லங்களை நாடும் ஆய்வு மாணவர் மிகச் சிலரே என்பதனை ஈண்டுக் குறித்து வைக்கின்றோம்.) பதவி பெற்றபின் பிறரிடம் பாடங்கேட்க நாணுதல் ஆசிரியர் உலகின் பழம்பிணி. அப்பிணி இவரை அணுகாமைக்குக் காரணம், குன்னமும் கார்குடியும் என்றே நாம் துணிகின்றோம்.

இனி, மறுதலைச் சான்று ஒன்றையும் காண்டல் முறை. திரு. வி. கலியாணசுந்தரனார் தம் ‘வாழ்க்கைக் குறிப்புக்க’ளில் இளமை ஆசிரியர் ஒருவரைப் பேரன்போடு நினைவுகூர்கின்றார். அவர் யாழ்ப்பாணத்துச் சதாவதானி நா. கதிரைவேற் பிள்ளை. இராயப்பேட்டை வெசுலிப் பள்ளியில் வாய்த்த அத்தொடர்பு எத்துணை ஆழமானது எனின், 1904இல் ஆசிரியர் தொடர்பான வழக்கில் சான்று கூறச் சென்றமையால் மாணவர் பள்ளித் தேர்வையே இழந்தார். ஒருவரைக் கண்டு வியந்து அவர்போல் ஆக விரும்புதல் என்னும் கொள்கைக்கு இதனின் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. திரு. வி. க. ஆசிரியரும் ஆயினார். 1910 முதல் ஆயிரம் விளக்குப் பள்ளியிலும், 1916இல் வெசுலிக் கல்லூரியிலும் பணியாற்றினார். 1917 திசம்பரில் ‘தேசபக்தன்’ நாளிதழை நடத்துதற்பொருட்டு அப்பணியை விட்டார்.

நாட்டு நிலை அன்று இளைஞரை அழைத்த அழைப்பு பெரிது. அதனை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும், கதிரைவேற் பிள்ளையிடம் மாணவர் கண்டு மயங்கியது யாது? மேடையில் முழங்கும் நாவன்மை; வாதப்போரில் அஞ்சாமை. அவ்விரண்டும் திரு. வி. க.வுக்கு வாழ்நாள் முழுதும் நின்றன, வகுப்பறை நிற்கவில்லை. ஒருவரை வியக்கும் சிறுவன் அவருடைய ஆற்றலைப் பெறுவான்; அவர் இருந்த இருக்கையையும் விரும்புவான் என்பது உறுதியன்று. தமிழ்நாட்டுக்கு இதனால் இழப்பில்லை; மேடைத் தமிழ் பெருஞ்செல்வம் பெற்றது. நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது வேறுபாடே. சாமிநாதையர் இளமையில் விரும்பியது ஓர் ஆளை அன்று, ஒரு பொருளை. ஆட்கள் மாறினர், பொருள் மாறவில்லை.

பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்திலேயே வேறு இரு சான்றுகள் உள. ஔவை துரைசாமிப் பிள்ளை தூய்மைக் கண்காணிப்புப் பணியிற் சின்னாள் இருந்து, அதனை நீத்துக் கரந்தைக்குச் சென்று தமிழ் பயின்றார். பின்னர்ச் செய்யாறு, செங்கம், போளூர் முதலிய ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்தார். மு. வரதராசனார் வட்ட அலுவலக எழுத்தராய் இருந்து, உடல்நலக் குறைவால் அப்பணியை விட்டபின், திருப்பத்தூரில் தமிழாசிரியர் ஆனார். இருவரும் முதலிற் கண்ட தொழில் ஆசிரியத் தொழிலன்று. பொருளின்மேல் வைத்த வேட்கை அவர்களைத் திருப்பிக் கொணர்ந்தது என்னுமளவில் நிறுத்துகின்றோம்.

நம் ஊர்க் கதை ஒன்றும் இவ்வாராய்ச்சிக்கு ஒளி தருவது. குகை நமசிவாயரிடம் பயின்ற இளைய நமசிவாயர், அருணையில் இருந்தவாறே தில்லையில் திரைச்சீலை தீப்பற்றியதை உணர்ந்து, தம் ஆடையைக் கசக்கி அணைத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அது கண்ட ஆசிரியர், அவர்க்குக் ‘குரு’ நமசிவாயர் என்னும் பெயரைத் தாமே சூட்டி, ஒரு தறியில் இரண்டு யானையைக் கட்டலாகாது என்று கூறித் தில்லைக்கு அனுப்பினார் என்பர். அற்புதத்தை நம்புவார் நம்புக. நாம் நோக்குவது, மாணவன் ஆசிரியன் ஆதற்குரிய காலத்தை ஆசிரியனே அறிந்து, பெயரிட்டு, தன்னைவிட்டுப் போக விடுக்கின்றான் என்பதனை. தியாகராச செட்டியார் கும்பகோணத்தில் செய்ததும் இதுவே; தேசிகர் விடைகொடுத்ததும் இதுவே. மாணவனது இளமையை மட்டும் ஆராய்வார் இப்பாதியைக் காணாது விடுகின்றனர்.

‘என் சரித்திரம்’ 1898ஆம் ஆண்டை ஒட்டிய நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டது. 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் கற்பித்த ஆண்டுகளை அவர் எழுதினாரல்லர். தம் ஆசிரியர் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக முடித்துத் தந்தவருக்குத் தம் வரலாற்றை முடிக்க நாள் போதவில்லை. விடுபட்ட பகுதியை ‘என் ஆசிரியப்பிரான்’ என எழுதித் தந்தவர் அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன். அவர் வகுப்பறை ஆசிரியர் ஆகவில்லை. கலைமகள் ஆசிரியராகப் பல்லாண்டு விளங்கினார்.