ஒற்றைக்கண் தேசாதிபதி: நீதிக்கதையும் வரலாறும்

குறிகட்டுவான் துறையிற் படகேறி நெடுந்தீவு செல்வோர், அத்தீவுக்கு ஒல்லாந்தர் தம் தாயக நகரான டெல்வ்ற்றின் பெயரைச் சூட்டியமையை அறிவர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் இட்டுச்சென்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர்கள் வழங்கிய நீதி எத்தகையது என்பதும் நோக்கற்பாலது. 1726 முதல் 1729 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்த பெட்ருஸ் வைஸ்ற் என்பானின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தாவியாவிலிருந்த கம்பனித் தலைமைக்கு இலங்கை ஒரு வணிகத்தலம் மட்டுமன்று; நாடுகடத்தற் களமுமாகும். யாவா மன்னன் மூன்றாம் அமங்குராத் 1708இல் இங்கு அனுப்பப்பட்டு, 1734இல் இங்கேயே இறந்தான். இத்தகைய தீவுக்கு வந்த வைஸ்ற், தனக்கெதிராகச் சதி நடப்பதாகக் கூறி, முறையான மன்றைப் புறக்கணித்துத் தன் விருப்பிற்கிசைந்த மன்றொன்றை நிறுவினான். சித்திரவதையால் ஒப்புதல்கள் பெறப்பட்டன, குற்றமற்றோர் கொல்லப்பட்டனர். திருப்பியழைக்கப்பட்ட அவனுக்கு 1732இல் பத்தாவியாவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

இத்துணைச் சிறிய தீவை ஆள ஒரு கண்ணே போதுமென்று மறு கண்ணை மூடியவாறே அவன் கரையிறங்கினான் என்பது மரபுக்கதை. அக்கதை அவனைத் தனியொரு கொடியவனாக்கி விடுகின்றது. தவறான தீர்ப்பால் வீழ்ந்த பாண்டியனின் கதையிற் பழகிய தமிழ் மனம், இங்கும் அறம் வென்றதாக அமைதி கொள்ளுதல் இயல்பே. எனினும் பாண்டியன் தன் பிழையைத் தானே உணர்ந்து உயிர்நீத்தவன். வைஸ்ற்றைத் தண்டித்ததோ அவனை அனுப்பிய நிறுவனமே. சித்திரவதை அந்நாளைய ஒல்லாந்த நீதிமுறையில் இடம்பெற்றிருந்த ஒன்று. பிரித்தானியர் ஆட்சியில், 1799இலேயே அது இலங்கையில் ஒழிக்கப்பட்டது. ஆகவே வைஸ்ற் கையாண்ட கருவி அவனுடைய புதுப்படைப்பன்று. கம்பனியின் நடைமுறையை மீறி அதனைக் கையாண்டதே அவனை வேறுபடுத்தியது.

அவன்பின் வந்த தேசாதிபதி வெர்ஸ்லைஸ், அரிசி விலையை உயர்த்தித் தன்னலம் தேடி மக்களைப் பசியில் ஆழ்த்தினான். 1732இல் அவனும் பதவியிழந்தான். கொலைக்களம் மட்டும் அவனுக்கு வாய்க்கவில்லை. மன்றின் பெயரால் நிகழ்ந்த கொலை குற்றமெனத் தண்டிக்கப்பட்டது. பசியால் நிகழ்ந்த கேடு நிருவாகத் தவறாக முடிந்தது. வைஸ்ற்றின் வீழ்ச்சியை மட்டும் தனித்தெடுத்து அறத்தின் வெற்றியாகப் போற்றுதல், இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். ஒருவனுடைய கொடுமையைப் பழிப்பது எளிது. அக்கொடுமைக்கு இடமளித்த ஆட்சிமுறையை ஆராய்வதே வரலாற்றுத் திறனாய்வின் கடனாகும்.