தனிமொழி பாட்டாதல்: மலைநாட்டுக் காமன் கூத்து உணர்த்தும் நெறி

நாடக மாந்தர் தம் நெஞ்சொடு கூறுவதை உட்சொல் என்பர் சிலப்பதிகார உரையாசிரியராகிய அடியார்க்கு நல்லார். இவ்வுட்சொல் நீண்டு தனிமொழியாகுங்கால் அதனை எங்ஙனம் பாட்டாக்குவது என்பது இசைநாடகம் இயற்றுவார்க்கு நேரும் பெரும் இடர்ப்பாடாகும். வசனத்தைச் சீர்பிரித்து ஒரு மெட்டில் அமைத்தால் போதும் என்று கருதுவோர் பலர். அக்கருத்துப் பொருந்தாமையை நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் மாசித் திங்களில் ஆடப்பெறும் காமன் கூத்து நன்கு உணர்த்தும்.

தமிழகத்தினின்றும் பெருந்தோட்டங்களுக்கு வந்த மக்கள் உடன்கொணர்ந்த கலை இது. சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை இரதி தடுக்கின்றாள், அவன் கேளாது சென்று எரிகின்றான், அவள் புலம்புகின்றாள். முன்னையது வாதம்; பின்னையது தனிமொழி. வாதம் பாட்டாதற்கு எதிர்நின்று விடைகூறுவார் ஒருவர் வேண்டும். தஞ்சைப் பகுதியில் இக்கதையையே எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவினர் லாவணியாகப் பாடுதல் இதற்குச் சான்று. தனித்து நிற்கும் இரதிக்கோ விடைகூறுவார் இல்லை. ஆகவே அவள் காரணம் காட்டுவதை விடுத்து, சாம்பலாகிய கணவனையே விளிக்கின்றாள். காளிதாசரின் குமாரசம்பவத்து நான்காம் சருக்கத்திலும் இரதியின் புலம்பல் இவ்விளியிலேயே உயிர்பெறுகின்றது. உட்சொல் விளியாகத் திரும்புமிடமே பாட்டுப் பிறக்குமிடம்.

விளி வந்தவுடன் விளக்கம் சுருங்குகின்றது. ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. இழவு வீட்டில் ஒப்பாரி பாடிப் பழகிய பெண்களுக்கு அவ்வோசை புதிதன்று. ஆடவன் ஒருவன் இரதி வேடம் பூண்டு பாடினும், கேட்கும் பெண்கள் அதனைத் தம் துயரமாகவே கொள்கின்றனர்.

மரபுக் கூத்தினின்று புதிய நாடகம் தோன்றக்கூடும் என்பதைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் அரங்கேற்றிய 'இராவணேசன்' மெய்ப்பித்தது. மலைநாட்டு வாழ்வைப் பாடவரும் இசைநாடகத்திற்கும் பொருள் குறைவன்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் உறவுகள் பிரிந்தன. இரயில் நிலையத்தில் மகளை இந்தியாவுக்கு வழியனுப்பித் தனித்து நிற்கும் தாய் ஒருத்தியை மேடையில் நிறுத்துவோம். ஒப்பந்தத்தின் விதிகளையும் குடியுரிமை மறுக்கப்பட்ட வரலாற்றையும் அவள் வாயில் வைத்தால், எத்துணை இனிய மெட்டும் அதனைப் பாட்டாக்காது. அவை வசனத்திற்கே உரியன. அவள் தன் மகள் விட்டுச்சென்ற கொழுந்துக் கூடையை விளிப்பாளாயின் பாட்டு தானே எழும்.

எனினும் அழுகையோடு அமைந்துவிடும் பாட்டு, அவையோரின் கைதட்டலைப் பெற்று மறக்கப்படும். இரதியின் புலம்பல் அத்தகையதன்று; மன்மதன் மீண்டும் உயிர்பெற அதுவே ஏதுவாகின்றது. கதை அப்பாட்டினால் நகர்கின்றது. தாயின் பாட்டும் அங்ஙனமே அவளை ஒரு முடிவுக்குக் கொணர்தல் வேண்டும். பாடத் தொடங்கிய நிலையிலேயே அவள் பாடி முடிப்பாளாயின், அத்தனிமொழியை வசனமாகவே விட்டிருத்தல் நன்று.