விடுதிப் பள்ளியும் திருச்சபையின் சாட்சியும்: கள்ளக்குறிச்சியை முன்வைத்து ஒரு திறனாய்வு

திருச்சபையின் பள்ளிகளைக் குறித்து நம் ஆலோசனைக் கூட்டங்களில் பேசப்படும்போது, தேர்ச்சி விழுக்காடும் கட்டட நிதியுமே அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. இறையியல் கேட்கும் கேள்வியோ வேறு. தொலைவிலுள்ள ஓர் ஊரில், இருபாலரும் பயிலும் விடுதிப் பள்ளியை நாம் யாருக்காக நடத்துகிறோம்?

வரலாறு இதற்கு விடை தருகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, அடுத்த ஆண்டிலேயே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்தார். பிற்காலத்தில் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ், சபைக்குள் சாதிக்கு இடங்கொடுக்கப்பட்டதை ஏற்க மாட்டாமல் விலகி, தென்னாற்காட்டின் மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் 1863இல் அப்பணியை ஏற்றது. ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் கனியே. ஆக, இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவக் கல்விப்பணியின் வேரில் சாதி மறுப்பு இருக்கிறது.

விடுதியின் பெருமை வகுப்பறையைக் காட்டிலும் பந்தியிலேயே விளங்கிற்று. கொரிந்து சபையில் செல்வர் முந்தி உண்ண ஏழைகள் பசித்திருந்ததைப் பவுல் கடிந்துகொண்டார் (1 கொரி. 11). ஒரே பந்தியில் பிள்ளைகளை அமர்த்திய விடுதி, அக்கண்டனத்துக்குச் செயலால் அளிக்கப்பட்ட மறுமொழியாகும்.

இன்று அப்பந்தியில் யார் அமர்ந்திருக்கிறார்கள்? கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976இல்தான் முடிவுற்றது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். மலையாளிப் பழங்குடிப் பெற்றோர் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குச் செல்லும் பருவத்தில், பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகிறது. அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் இருப்பினும், திருச்சபைக்குரிய கடன் அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஆங்கில வழியும் உயர்ந்த கட்டணமும் நுழைந்த இடங்களில், விடுதி வசதி படைத்தோரின் வாய்ப்பாக மாறிவிடுகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நலிந்த பிரிவினருக்கு 25 விழுக்காடு இடம் ஒதுக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. 2025இல் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பின் மீதே ஐயம் எழுப்பியது. வழக்கு எவ்வாறு முடியினும், சட்டம் அளிக்கும் விலக்கு நற்செய்தி அளிக்கும் விலக்கு ஆகாது. சிறுபான்மையினரின் உரிமை எளியோரைக் காப்பதற்கன்றி, அவர்களை வாயிலில் நிறுத்துவதற்கன்று.

கட்டணமின்றிப் பள்ளி நிலைக்குமா எனச் சிலர் வினவுவர். நேரிய வினாவே. இயன்றவரிடம் கட்டணம் பெறுவது குற்றமன்று. அதனைக் கொண்டு இயலாதவருக்கு எத்தனை படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன என்பதே ஆராயத்தக்கது.

எதிர்த்திசையிலும் ஓர் ஆபத்து உண்டு. கனடாவில் திருச்சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகள், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்தும் மொழியிலிருந்தும் பிரித்தன. கனடா ஐக்கிய திருச்சபை 1998இல் அதற்காக மன்னிப்புக் கோரியது. உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2015இல் அக்கொடுமைகளை விரிவாகப் பதிவு செய்தது. நம் மலையாளிப் பிள்ளைகள் தமிழே பேசுவோராதலால் மொழியிழப்பு நேராது. எனினும் தன் மலையைக் குறித்து வெட்கப்படக் கற்றுக்கொண்ட பிள்ளை, கற்றதைக் காட்டிலும் இழந்ததே மிகுதி. சாமையும் தினையும் விளைவிக்கும் பெற்றோரின் அறிவு பாடத்தில் இடம்பெற வேண்டும். அவர்கள் பள்ளிக் குழுவில் அமர வேண்டும். விடுதிகளைப் பதிவு செய்து கண்காணிக்க வகைசெய்யும் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தை, தலையீடு என்று முணுமுணுக்காமல், பிள்ளைகளுக்கான அரணாக ஏற்றல் தகும்.

ஆயர்களே பெரும்பாலும் இப்பள்ளிகளின் தாளாளர்களாக அமர்கின்றனர். ஆகவே அருட்பொழிவுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள், கணக்கேட்டை வாசிக்கக் கற்பதோடு, சேர்க்கைப் பதிவேட்டையும் திருமறையின் ஒளியில் வாசிக்கக் கற்பார்களாக. அதில் யார் பெயர் இல்லை என்பதே நம் சாட்சியின் அளவு.